பட்டியல் என்ன, தாயத்தா?

நாட்டில் எங்கேனும் ஒரு குழந்தையிடம் ஒரு கயவன் முறைகேடாக நடந்துகொண்டான் என்ற செய்தி வந்ததும் மக்கள் மனம் கொதிக்கிறது. கொதிப்பது இயல்பு. கொதிக்காவிட்டால்தான் நாம் கவலைப்பட வேண்டும். அந்தக் கொதிப்பிலே எழும் குரல்களில் ஒன்று, அண்மைக் காலமாக அடிக்கடி காதில் விழும் குரல், இது: "அமெரிக்காவிலே இப்படிப்பட்டவர்களின் பெயர், படம், விலாசம் எல்லாவற்றையும் ஊரறியப் போட்டுவிடுகிறார்களாமே! நம் நாட்டில் மட்டும் ஏன் மூடி வைக்கிறார்கள்? வெளியிடு பட்டியலை!"

பட்டியல் நம் நாட்டிலும் இல்லாமலில்லை. 2018 செப்டம்பர் 20-ந் தேதி மத்திய அரசு, பாலியல் குற்றவாளிகள் பற்றிய தேசியத் தரவுத்தளம் ஒன்றைத் தொடங்கி வைத்தது. தொடங்கிய நாளிலேயே அதில் 4 லட்சத்து 40 ஆயிரம் பதிவுகள். ஆனால் அதைத் திறந்து பார்க்கும் உரிமை போலீசாருக்கும் புலனாய்வுத் துறையினருக்கும் மட்டும். பள்ளிக்கூட வாசலில் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்கு ஓடும் தாய்க்கு அதில் ஒரு வரிகூடத் தெரியாது. ஆகவே, 'எங்கள் கண்ணிலும் காட்டு' என்று கேட்பவர்களைப் பார்த்து, விவரம் அறியாதவர்கள் என்று நாம் ஏளனம் செய்யப் போவதில்லை. பெற்ற வயிறு கேட்கிறது, கேட்கட்டும். நாம் செய்ய வேண்டியது, எந்த நாட்டைச் சுட்டிக் காட்டிக் கேட்கிறார்களோ அந்த நாட்டிலே அந்தப் பட்டியல் எதைச் சாதித்தது, எதைச் சாதிக்கவில்லை என்று ஆராய்வது. ஆராயாமல் எதையும் ஏற்பது நம் பழக்கமன்று.

1994 ஜூலை 29. ஐக்கிய அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்திலே ஹாமில்டன் என்னும் ஊர். மேகன் என்ற 7 வயதுச் சிறுமி. நாய்க்குட்டி காட்டுகிறேன் வா என்று எதிர்வீட்டுக்காரன் அழைத்தான். போனாள், உயிரோடு திரும்பவில்லை. அவன் யார்? சிறுமிகளிடம் குற்றம் இழைத்து அதற்கு முன்பே 2 முறை தண்டிக்கப்பட்டவன். அதே வீட்டில் அவனோடு குடியிருந்த மற்ற இருவரும் அதே வகைக் குற்றத்துக்காக உள்ளே போய் வந்தவர்கள். சிறைச்சாலை ஏடுகளுக்கு இது தெரிந்திருந்தது. எதிர்வீட்டிலே பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியவில்லை.

தெரிந்திருந்தால் காத்திருப்போமே என்று அந்தப் பெற்றோர் மன்றாடினர். அந்தக் கேள்விக்கு யாரால் பதில் சொல்ல முடியும்? மக்கள் லட்சக்கணக்கில் கையெழுத்திட்டனர். மூன்று மாதம் கழிந்து, 1994 அக்டோபர் 31-ல் நியூஜெர்சியில் சட்டம் கையெழுத்தாயிற்று. 1996 மே 17-ல் ஜனாதிபதி கிளிண்டன் அதை நாடு முழுமைக்குமான சட்டமாக்கினார். 'மேகன் சட்டம்' என்றே அதற்குப் பெயர். குற்றவாளிகளைப் பதிவு செய்யும் வழக்கம் அதற்கு முன்பே உண்டு. கலிபோர்னியா 1947-லேயே அதைத் தொடங்கிற்று. ஆனால் அந்த ஏடு போலீஸ் நிலையத்து அலமாரியிலே கிடந்தது. அலமாரியைத் திறந்து தெருவுக்குக் கொண்டுவந்தது மேகன் சட்டம்.

இன்று அமெரிக்கப் பெற்றோர் ஒருவர் என்ன செய்யலாம்? அந்நாட்டு நீதித்துறை 2005 முதல் நடத்திவரும் தேசிய இணையதளம் இருக்கிறது. கட்டணம் கிடையாது. ஒருவரின் பெயரைக் கொடுத்துத் தேடலாம். தபால் குறியீட்டு எண்ணைக் கொடுத்துத் தேடலாம். தம் வீட்டு விலாசத்தையோ பிள்ளையின் பள்ளி விலாசத்தையோ கொடுத்து, சுற்றி இத்தனை மைல் என்று குறிப்பிட்டும் தேடலாம். படம், விலாசம், தண்டனைக்குரிய குற்றம் ஆகியவை வரும். பதிவானவர் ஒருவர் அந்த வட்டாரத்துக்குக் குடிவந்தால் மின்னஞ்சலில் தகவல் அனுப்பும் ஏற்பாடும் பல மாநிலங்களில் உண்டு. இந்தத் தகவலைக் கொண்டு எவரையும் மிரட்டவோ துன்புறுத்தவோ கூடாது, மீறினால் அதுவே குற்றம் என்ற எச்சரிக்கையும் கூடவே இருக்கும்.

நம்மவர் பல்லாயிரவர் நியூஜெர்சியிலும் கலிபோர்னியாவிலும் டெக்சாஸிலும் குடியிருக்கிறார்கள். புது வீடு பார்க்கும்போது பள்ளிக்கூடம் எப்படி, மளிகைக் கடை எத்தனை தூரம் என்று விசாரிக்கும் அவர்கள் இந்தத் தளத்தையும் ஒருமுறை பார்ப்பது தவறன்று, பார்க்கத்தான் வேண்டும். பிள்ளைக்குப் பாட்டோ நீச்சலோ கற்றுத்தர வருபவரின் பெயரைப் போட்டுப் பார்ப்பதும் நல்லதே. எதிர்வீட்டில் மூன்று பேர் இருந்தும் தெரியாமற் போன நிலை அங்கே இனி வருவது அரிது. அந்த அளவுக்குப் பட்டியலின் பயனை நாம் மறுக்கவில்லை.

ஆனால், பார்த்தேன், பெயர் எதுவும் வரவில்லை, நிம்மதி என்று ஒரு தகப்பனார் கணினியை மூடினால், அப்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. குழந்தைக்குக் காத்து கருப்பு அண்டாது என்று அரைஞாணிலே தாயத்தைக் கட்டிவிட்டு, காய்ச்சல் வந்தபோது மருத்துவரிடம் போகாதிருந்த கதைகளை நாம் மேடைதோறும் சொல்லியிருக்கிறோம். வெள்ளித் தகட்டிலே எழுதினால்தான் தாயத்து என்பதில்லை. கணினித் திரையிலே எழுதினாலும், அதை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டால், அதுவும் தாயத்துதான்.

ஏன் இப்படிச் சொல்கிறோம்? பட்டியலிலே இருப்பவன் யார்? குற்றம் செய்தவனா? இல்லை. குற்றம் செய்து, பிடிபட்டு, வழக்கு நடந்து, தண்டனையும் பெற்றவன். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் அவன் பெயர் அங்கே இராது.

மேகன் சட்டத்துக்கு முன்னோடியான சட்டத்தின் கதையைக் கேளுங்கள். 1989 அக்டோபர் 22 இரவு, மினசோட்டா மாநிலத்தில் செயின்ட் ஜோசப் என்ற ஊரில், தம்பியோடும் நண்பனோடும் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தான் ஜேக்கப் வெட்டர்லிங் என்ற 11 வயதுச் சிறுவன். முகமூடியணிந்த ஒருவன் துப்பாக்கியைக் காட்டி அவனைக் கடத்திப் போனான். தாயார் பேட்டி வெட்டர்லிங் அழுது ஓயவில்லை. ஊர் ஊராகப் போனார், சட்டமன்றப் படிகளை ஏறினார். 1994-ல் எல்லா மாநிலங்களும் பதிவேடு வைக்க வேண்டும் என்ற மத்தியச் சட்டம், அந்தச் சிறுவனின் பெயராலேயே வந்தது. அதன் வழியில் ஆண்டுக்கு ஆண்டு பெயர்கள் ஏறின. அந்நாட்டில் இன்று பதிவானவர்கள் 7 லட்சத்து 50 ஆயிரத்துக்கும் மேல்.

ஜேக்கப்பைக் கொன்றவன்? 27 ஆண்டுகளுக்குப் பிறகு, 2016-ல், அவனே இடத்தைக் காட்டி உடலைத் தோண்டியெடுக்க வைத்தான். குற்றம் நடந்த சில வாரங்களிலேயே போலீசார் விசாரித்துவிட்டு அனுப்பியவன்தான் அவன். அதே மாநிலத்தில், அதே சுற்றுவட்டாரத்தில் அவன் பாட்டுக்கு வாழ்ந்திருக்கிறான். எவன் செய்த குற்றத்தால் அந்தப் பதிவேடு பிறந்ததோ, அவன் பெயர் மட்டும் அதில் இல்லை. அந்தத் தாய் பிற்காலத்தில் என்ன சொன்னார் தெரியுமா? இந்தச் சட்டங்கள் எல்லை மீறிப் போய்விட்டன, ஆத்திரத்தால் மட்டும் பிள்ளைகளைக் காக்க முடியாது என்ற கருத்தை வெளிப்படையாக எடுத்துரைத்தார். மகனைப் பறிகொடுத்தவர் அப்படிப் பேச எத்தனை நெஞ்சுரம் வேண்டும்!

இது ஒருவர் கதை; விதிவிலக்கு என்று தள்ளிவிடலாம் என்று எண்ணினால், கணக்குகளைப் பாருங்கள். நியூயார்க் மாநிலத்தில் 1986 முதல் 2006 வரை நடந்த கைதுகளை ஆராய்ந்தவர்கள் 2008-ல் வெளியிட்ட முடிவு: பட்டியலில் ஏறத்தக்க பாலியல் குற்றங்களுக்காகக் கைதானவர்களில் 95 சதவீதத்துக்கு மேற்பட்டோர் முன்பு அவ்வகையில் தண்டனை பெறாதவர்கள். 100 பேரில் 95 பேர் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்க வழியில்லை. அதே 2008-ல் மேகனின் சொந்த மாநிலமான நியூஜெர்சியிலும் ஆராய்ந்தார்கள். அந்தச் சட்டத்தால் மறுகுற்றங்கள் குறைந்தன என்று காட்ட அவர்களால் முடியவில்லை.

இன்னொரு கணக்கு, இதைவிடக் கசப்பானது. அமெரிக்க நீதித்துறையின் புள்ளிவிவரப் பிரிவு 2000-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, போலீசுக்கு வந்த வழக்குகளில், குழந்தைகளிடம் குற்றம் செய்தவர்களில் 34 சதவீதம் குடும்பத்தார்; 59 சதவீதம் அறிந்தவர், பழகியவர். முன்பின் தெரியாத அந்நியர் 7 சதவீதம். எதிர்த் தெருவிலே புதிதாகக் குடிவந்தவன் யார் என்று தேடுகிறோம். நம் கூடத்திலே சாய்வு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பவனை எந்தத் தளத்தில் தேடுவது?

இதிலே ஒரு வேடிக்கையான வேதனையும் உண்டு. நியூஜெர்சியிலே பதிவானவர்களை அபாயத்தின் அளவுக்கேற்ப மூன்று படியாகப் பிரிக்கிறார்கள். குறைந்த அபாயம் உடையவர் என்று தீர்மானிக்கப்பட்ட முதற்படியினரை இணையத்தில் போடுவதில்லை. நடுப்படியினரிலும், குற்றம் உறவுக்குள்ளேயே நடந்ததாயின் பொதுவாக விலக்கு உண்டு. காரணம் நியாயமானதே: தகப்பன் பெயரையோ மாமன் பெயரையோ போட்டால் பாதிக்கப்பட்ட பிள்ளை யார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். ஆனால் அதன் பொருள் என்ன? எந்த வகைக் குற்றம் மிகுதியோ, அந்த வகைதான் திரையிலே குறைவாகத் தெரியும்.

பட்டியலால் நேர்ந்த கேடுகளையும் சுருங்கச் சொல்லிவிடுகிறோம். 2006 ஏப்ரலில் மெயின் மாநிலத்தில் ஓர் இளைஞன் இணையப் பட்டியலிலிருந்து விலாசம் எடுத்துப் போய் இருவரைச் சுட்டுக் கொன்றான். அவர்களில் ஒருவன் பட்டியலில் ஏறியது எதற்காக? 19 வயதில், 16 நிரம்பச் சில நாட்களே இருந்த தன் காதலியோடு உறவு கொண்டதற்காக. மயாமி வட்டாரத்தில், பள்ளிகளுக்கு 2,500 அடிக்குள் இவர்கள் குடியிருக்கக் கூடாது என்று விதி போட்டார்கள். நகரத்தில் அந்தத் தூரத்துக்கு அப்பால் வீடேது? கடற்பாலம் ஒன்றின் அடியிலே கூடாரமடித்து, 2010 வரை சில ஆண்டுகள் கூட்டமாக வாழ்ந்தார்கள். வீடும் வேலையும் இன்றிப் பாலத்தடியிலே கிடப்பவன் திருந்துவானா, இன்னும் மூர்க்கனாவானா என்பதை வாசகர்களே முடிவு செய்யட்டும். பட்டியல் முறையை முதலில் தொடங்கிய கலிபோர்னியாவே, எல்லாருக்கும் ஆயுட்காலப் பதிவு என்ற விதியைக் கைவிட்டு, 2021 முதல் 10 ஆண்டு, 20 ஆண்டு, ஆயுட்காலம் என்று பிரித்துவிட்டது. ஏடு பெருத்துப் போய், உண்மையில் அபாயமானவன் எவன் என்று போலீசாருக்கே தெரியாத நிலை வந்ததே காரணம்.

இங்கிலாந்து வேறு வழியில் போயிற்று. 2000 ஜூலையில் அங்கே சாரா பெய்ன் என்ற 8 வயதுச் சிறுமி கொல்லப்பட்டாள். ஒரு ஞாயிறு ஏடு, குற்றவாளிகள் எனப்பட்டோரின் பெயரையும் படத்தையும் வாரந்தோறும் வெளியிடத் தொடங்கியது. விற்பனை பெருகிற்று, கூட்டமும் பெருகிற்று. போர்ட்ஸ்மத் நகரத்துப் பால்ஸ்குரோவ் குடியிருப்பில் இரவுதோறும் ஜனங்கள் திரண்டு வீடுகளைத் தாக்கினர். வேல்ஸில் குழந்தை மருத்துவரான ஒரு பெண்மணியின் வீட்டுச் சுவரிலே வசைச் சொல்லை எழுதி வைத்தனர். ஆங்கிலத்தில் குழந்தை மருத்துவரைக் குறிக்கும் சொல்லும் குழந்தைகளைக் கெடுப்பவனைக் குறிக்கும் சொல்லும் ஒரே மாதிரி தொடங்கும். அவ்வளவுதான் அந்த அம்மையார் செய்த குற்றம்!

அதைக் கண்டு விழித்துக்கொண்ட சர்க்கார், பட்டியலைத் தெருவில் போடாமல், கேட்கும் உரிமையைப் பெற்றோருக்குக் கொடுத்தது. 2008-ல் நான்கு வட்டாரங்களில் சோதித்து, 2011-க்குள் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் பரப்பினர். 'சாரா சட்டம்' என்று மக்கள் அதை அழைக்கிறார்கள். என் பிள்ளையோடு பழகும் இன்னார் எப்படிப்பட்டவர் என்று போலீசாரிடம் போய்க் கேட்கலாம். அவர்கள் ஏட்டைப் பார்த்து, அபாயம் உண்டென்றால், பிள்ளையைக் காக்கும் நிலையில் உள்ளவரிடம் மட்டும் சொல்வார்கள். கேட்டவர் அதை ஊரெல்லாம் பரப்பக் கூடாது. இந்த ஏற்பாட்டின் நுட்பத்தைக் கவனியுங்கள். எங்கோ உள்ள அந்நியனைப் பற்றியல்ல, தாயின் புதுத் துணைவன், அண்டைவீட்டு நண்பர், பயிற்சியாளர் என்று பிள்ளைக்கு அருகே உள்ளவனைப் பற்றியே கேட்கச் சொல்கிறது அது. கயவன் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறான்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். அந்தத் தரவுத்தளத்திலுள்ள பெயர்களை நாளைக் காலையில் தெருவுக்குத் தெரு ஒட்டினால் என்ன ஆகும்? யாருடைய பெயர் அதில் இருக்கும்? வக்கீல் வைக்கப் பணமில்லாதவன் பெயர் இருக்கும். பணமும் சாதிச் செல்வாக்கும் உடையவன், வழக்கு ஏடேறும் முன்பே பஞ்சாயத்து வைத்து, பெண் வீட்டார் வாயை அடைத்திருப்பான். அவன் பெயர் இருக்காது. இன்னொரு பெயரும் இருக்கும். சாதி மாறிக் காதலித்து, 17 வயதுப் பெண்ணோடு ஊரைவிட்டு ஓடிய 20 வயது இளைஞனின் பெயர். பெண்ணைப் பெற்றவர்கள் சாதி வெறியால் அவன்மீது குழந்தைகள் பாதுகாப்புச் சட்டத்திலேயே புகார் கொடுக்கிறார்கள். இது கற்பனையன்று. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் பருவ வயதினரின் காதல் தொடர்பான வழக்கொன்றை ரத்து செய்து, அத்தகைய உறவுகளைத் தண்டிப்பது இச்சட்டத்தின் நோக்கமன்று என்று கூற நேர்ந்தது. ஏற்கெனவே கலப்பு மணம் புரிந்தவர்களைத் தேடி வெட்டும் கூட்டம் உலவும் நாடு இது. அந்தக் கூட்டத்தின் கையில் படத்தோடும் விலாசத்தோடும் ஒரு பட்டியலை அரசாங்கமே அச்சிட்டுக் கொடுக்க வேண்டுமா?

தூக்குத் தண்டனை என்று 2019-ல் சட்டத்தைத் திருத்தினார்கள் டில்லியிலே. பலத்த கைதட்டல். நமக்குத் தோன்றும் ஐயம் இது: செய்தவன் சொந்தச் சித்தப்பனாயிருந்தால், அவனைத் தூக்குக்கு அனுப்பும் வார்த்தையை அந்தப் பிள்ளை சொல்ல அவன் குடும்பம் விடுமா? தண்டனையைக் கடுமையாக்கக் கடுமையாக்க வாய்கள் இன்னும் இறுக மூடப்படும். அதைக் கைதட்டியவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இந்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டறிந்து 2007-ல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. 53.22 சதவீதக் குழந்தைகள் ஏதோ ஒரு வகையில் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். தொல்லை தந்தவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், அதன் நம்பிக்கைக்கு உரியவர்கள். பெரும்பாலான குழந்தைகள் யாரிடமும் சொல்லவேயில்லை. 2018-ல் சென்னை அயனாவரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் நடந்ததைத் தமிழ்நாடு மறந்திருக்காது. ஒரு சிறுமிக்கு மாதக்கணக்கில் கொடுமை. கைதானவர்கள் 17 பேர். 2020 பிப்ரவரியில் 15 பேருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. யார் அவர்கள்? காவலாளி, மின்தூக்கி இயக்குபவர், குழாய் வேலை செய்பவர் என்று அந்தக் கட்டடத்தையே நடத்தியவர்கள். அந்நியன் வராமலிருக்க வாயிற்கதவிலே நிறுத்தி வைக்கப்பட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

ஆகவே கேள்வி பட்டியலைப் பற்றியது மட்டுமன்று. அந்தப் பிள்ளை ஏன் வீட்டிலே வாய் திறக்கவில்லை? எல்லாப் பிள்ளைகளும் ஏன் திறப்பதில்லை?

நாம் எப்படி வளர்க்கிறோம் என்று பாருங்கள். 'பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும், எதிர்த்துப் பேசக் கூடாது.' இது முதல் பாடம். வீட்டுக்கு ஓர் உறவினர் வருகிறார். குழந்தை பின்வாங்குகிறது. "அட, மாமாகிட்ட போடா கண்ணு, முத்தம் கொடு; என்ன வெட்கம்?" என்று தாயே பிடித்துத் தள்ளுகிறாள். உன் உடம்பு உன்னுடையதல்ல, பெரியவர்கள் கேட்டால் கொடுக்க வேண்டியது என்பதைத்தான் அந்த வேளையில் அந்தப் பிள்ளைக்குக் கற்றுக் கொடுக்கிறோம். உறுப்புகளின் பெயரைச் சொல்லித் தருவதில்லை. சொன்னால் வாயிலே அடி. பெயரே தெரியாத இடத்தில் நடந்ததை அது எந்த வார்த்தையால் சொல்லும்? துணிந்து சொல்லிவிட்டாலோ, அடுத்த குரல் பாட்டியிடமிருந்து வருகிறது: "வெளியே தெரிந்தால் குடும்ப மானம் என்னாகும்? நாளைக்கு இவளை யார் கட்டிக்கொள்வார்கள்?" கெட்டுப் போனாள் என்று பெண் குழந்தையைத்தான் சொல்கிறார்கள். கெட்டவன் அவனல்லவா? ஆண் பிள்ளைக்கு நேர்ந்தாலோ, நேர்ந்ததாகவே ஒப்புவதில்லை.

பெண்ணின் கற்பு என்ற பெயரால் கட்டிய சிறையை உடைக்க வேண்டும் என்று பெரியார் ஆண்டுக்கணக்கில் முழங்கியது, வளர்ந்த பெண்களுக்காக மட்டுமல்ல என்பது இங்கேதான் விளங்குகிறது. மானம் மானம் என்று மூடி வைக்கும் வீடு, கயவனுக்குக் கோட்டை. அவன் அந்தக் கோட்டையை நம்பித்தான் கை வைக்கிறான். 'சொன்னால் உன்னைத்தான் அடிப்பார்கள்' என்று பிள்ளையை மிரட்டுகிறானே, அந்த மிரட்டல் பலிப்பது ஏன்? அது பல வீடுகளில் உண்மையாயிருப்பதால்தான்.

வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்ல மூன்று வயதிலேயே பழக்குங்கள். முத்தம் கொடுக்க மறுத்தால், வந்த விருந்தாளி மனம் வருந்தினாலும் விட்டுவிடுங்கள். யாரிடமும் சொல்லாதே என்று எவர் சொன்னாலும், அதை உடனே அம்மாவிடமோ அப்பாவிடமோ சொல்ல வேண்டும் என்று சொல்லி வையுங்கள். பிள்ளை சொன்னால், நீ ஏன் அங்கே போனாய் என்று கேட்காதீர்கள். சொன்னது நல்லதாயிற்று என்று சொல்லுங்கள். வழக்கமாக ஓடிப்போய் ஏறும் வேனிலே ஏற மறுத்தால், டியூஷனுக்குப் போக அழுதால், அடம் என்று முதுகில் வைக்காமல் உட்கார்ந்து கேளுங்கள்.

சட்டமும் கையில் இருக்கிறது. 2012 நவம்பர் 14 முதல் நடப்பில் உள்ள போக்சோ சட்டம், குற்றம் நடந்ததை அறிந்த எவரும் போலீசாருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. தெரிவிக்காதவருக்கு 6 மாதம் வரை சிறை. நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை. பெயர் கெடும் என்று பள்ளி நிர்வாகம் பூசி மெழுகினால் அதுவே குற்றம். பிள்ளையைப் போலீஸ் நிலையத்துக்கு இழுக்க வேண்டியதில்லை. வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் வாங்க வேண்டும். வாங்கும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. கூடியவரை பெண் அதிகாரியாயிருக்க வேண்டும். நீதிமன்றத்திலே குற்றவாளியின் முகத்தைப் பார்த்துப் பிள்ளை நடுங்க வேண்டியதில்லை. அதன் பெயரையோ படத்தையோ எந்தப் பத்திரிகையும் போடக் கூடாது. 1098 என்ற எண்ணைச் சுழற்றினால் காசில்லாமல் உதவி கிடைக்கும். அந்த நான்கு இலக்கம் பிள்ளைக்கே மனப்பாடமாயிருக்கட்டும்.

அப்படியானால் அந்த ஏடு பெற்றோருக்குப் பயன்படவே கூடாதா? பயன்பட வேண்டும், இங்கிலாந்து வழியிலே. என் பிள்ளையை நாள்தோறும் ஏற்றிச் செல்பவனைப் பற்றி, தனியே உட்கார வைத்துப் பாடம் சொல்பவனைப் பற்றி, நானே மறுமணம் செய்துகொள்ளப் போகும் மனிதனைப் பற்றிக் கேட்கும் உரிமை எனக்கு வேண்டும்; அபாயம் உண்டா இல்லையா என்பதைப் போலீசார் என்னிடம் மட்டும் சொல்ல வேண்டும். இந்த உரிமைக்காகச் சட்டமன்றத்திலும் பாராளுமன்றத்திலும் நம்மவர் குரல் கொடுக்க வேண்டும். தெருவிலே ஒட்டும் பட்டியலைக் கேட்பதைவிட இது கேட்கத் தக்க கோரிக்கை.

அது வரும்வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. 2020-ல் மத்திய அரசு வெளியிட்ட போக்சோ விதிகளிலே ஒரு விதி இருக்கிறது. அதைப் பற்றி அதிகம் பேர் பேசக் காணோம். பள்ளி, குழந்தைகள் காப்பகம், விளையாட்டுப் பயிற்சிக்கூடம் என்று குழந்தைகளோடு வாடிக்கையாகப் பழகும் எந்த நிறுவனமும், ஆசிரியரோ அலுவலரோ ஒப்பந்தக் கூலியோ, பிள்ளைகளோடு தொடர்புள்ள ஒவ்வொருவரின் பின்னணியையும் போலீசார் மூலம் விசாரிக்க வேண்டும். ஒருமுறை விசாரித்து விடுவது போதாது, காலந்தோறும் விசாரிக்க வேண்டும். போலீசார் தங்கள் ஏட்டைப் புரட்டும் கடமை இங்கே வந்துவிடுகிறது. ஆகவே அடுத்த பெற்றோர் கூட்டத்தில், மதிப்பெண் பட்டியலைக் கையில் வாங்கும்போது, தலைமையாசிரியரிடம் இன்னொன்றையும் கேளுங்கள்: வேன் ஓட்டுநர், உதவியாள், துப்புரவுப் பணியாளர், விளையாட்டு ஆசிரியர் ஆகியோருக்குப் போலீஸ் விசாரணை எந்தத் தேதியில் நடந்தது? அடுத்தது எப்போது? பதிலை எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள்.